மயிலிறகு சிக்கிய ஃபில்டர்

மாப்பிள்ளை வெள்ளைத் தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். கையிலிருந்த ஃபில்டரை அதன்மேல் மெல்லத் தட்டினார். பழுப்புப் பொடி உதிர்ந்து சிறு குவியலாக நின்றது.

"பாருங்க மாமா. இதைத்தான் நீங்களும் அத்தையும் இத்தினி நாளா மூச்சுல இழுத்துகினு இருந்தீங்க."

காரின் ஏ.சி. காற்று உள்ளே வரும் வழியில் இருக்கும் ஃபில்டர் அது. பாவாடை மடிப்பு மாதிரி நெருக்கமாக மடித்த தடித்த காகிதம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது அடுப்படிச் சுவரின் நிறம். ஒரு மூலை எலி கடித்தது போலப் பிய்ந்திருந்தது. மடிப்பு ஒன்றில் காய்ந்த சாமந்தி இதழ். அதற்குப் பக்கத்து மடிப்பில் மயிலிறகின் ஒற்றை இழை, தலைமயிர் கனத்தில். நேராகப் பார்த்தால் பச்சை, சாய்த்துப் பார்த்தால் நீலம்.

"ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனீங்க இல்ல? காவடிக் கூட்டத்துக்கு நடுவுல வண்டி நின்னுகினு இருந்திருக்கும். இறகு, பூவு, விபூதி எல்லாம் உள்ள போயிடும். நம்ம ஊரு வண்டிங்க எல்லாத்துலயும் இதே கததான் மாமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. மலைக்குப் போய்வந்ததற்கு முருகன் காருக்குள்ளேயே அத்தாட்சி வைத்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

"மாத்திடுங்க மாப்ள," என்றேன்.

நான் போனது ஆயில் மாற்ற. மாப்பிள்ளையின் கையகலக் கணினித் திரையில் ஆயிலுக்குக் கீழே மேலும் பல வரிகள் இருந்தன. என்ஜினை உள்ளே கழுவும் மருந்து. பிரேக்கைக் கழற்றித் துடைப்பது. வண்டியின் அடிவயிற்றுக்குத் துரு பிடிக்காத பூச்சு. ஏ.சி.க்குள் நுரை அடிப்பது. ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊரிலிருந்தே ஒரு காரணம் வைத்திருந்தார். மலை ஏறி இறங்குவதால் பிரேக். ஜல்லி லாரிகளின் தூசியால் ஃபில்டர். ஏரி நிரம்பினால் ரோட்டில் ஓடும் தண்ணீரால் அடிவயிறு.

எங்கள் கார் மாதம் ஒருமுறை கிருத்திகைக்கு மலை ஏறும். மகளைப் பார்க்க அரக்கோணம் போகும். மற்ற நாட்களில் வேப்பமரத்தடியில் நிற்கும். அதன்மேல் பூனை தூங்கும். இது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினேன்.

பழைய பாகத்தைக் கேளுங்கள்

நான் பத்திரிகையில் துணையாசிரியனாக இருந்தவன். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்வந்தேன். மற்ற வேலைகளோடு, வாசகர்களின் நுகர்வோர் புகார்களுக்குப் பதில் எழுதும் பகுதியும் பல வருடம் என் பொறுப்பில் இருந்தது.

மிக்ஸி, கேஸ் அடுப்பு, பல் மருத்துவர், திருமண மண்டபம் என்று எல்லாப் புகாரும் வரும். வண்டிப் புகார்களுக்கு நான் எழுதும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். மாற்றும் முன் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பின் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்த வாக்கியம். இடம் போதாதபோது மற்றதை வெட்டுவேன், அதை விடமாட்டேன்.

கேட்க முடியாத ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம் என்று எந்த வாசகரும் எழுதியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் மகள் ஹேமாவின் கணவர் மோகன். அந்தச் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்களோடு பேசி வேலை எழுதிக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு. இடத்தின் பெயர் வேண்டாம். திருத்தணியைத் தாண்டிப் பைபாஸில், கண்ணாடிச் சுவரும் குளிர்ந்த அறையுமாக இருக்கும் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மயிலிறகை மாற்றவில்லை.

மோகன் முன்பு வேலை பார்த்த ஷோரூம் மூடிவிட்டது. சில மாதம் வீட்டில் இருந்தார். பிறகு கிடைத்தது இந்த வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஹேமா அப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் மாமனார் எழுந்து நிற்பார். நான் அவர் முன்னால் பனியனோடு நின்றதில்லை. அவர் கேட்டதை இல்லை என்று சொன்னதில்லை. அவரும் எதையும் கேட்டதில்லை. அவர் என்னைவிட முப்பது வயது சிறியவர். அது இதில் கணக்கில்லை.

இப்படிப்பட்ட இருவர் மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? அவர் சொல்லிக்கொண்டே போவார், நான் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். மாமனார் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன்.

மணவூரில் ஒரு காலை

என் மாமனார் மணவூர்க்காரர். ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. கல்யாணமான புதிதில் நான் அங்கே தங்கியிருந்த ஒரு காலையில், நான் வேலை பார்த்த பத்திரிகையை வாங்கிவரச் சொல்லி என் முன்னால் நின்றபடியே பிரித்தார்.

உள்பக்கத்தில் பூண்டி ஏரி நிரம்பிய செய்தி. மதகோடு பெரிய படம். அந்தப் பக்கத்தை முடித்து அனுப்பியது நான்.

"நீங்க போட்டதா மாப்ள?"

"ஆமாங்க."

"நல்லா வந்துகீது," என்றார். படத்தை வெகுநேரம் பார்த்தார். மடித்துப் பத்திரமாக அலமாரியில் வைத்தார்.

அலுவலகம் போன பிறகுதான் தெரிந்தது, அது பூண்டி இல்லை. அவசரத்தில் வேறொரு ஏரியின் படம் போயிருந்தது. நல்லவேளை, மணவூரில் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் இறந்து வெகுநாள் கழித்து என் மனைவி கஸ்தூரி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "அன்னிக்கு நீங்க ரயிலுக்குப் போனதும் எங்கப்பா சிரிச்சிகினே இருந்தாரு. பூண்டி கரைல மாடு மேச்சவரு அவரு. அந்த மதகு அவருக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் 'நல்லா வந்துகீது' என்றிருக்கிறார். கேட்டபோது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பொய்கைக் கரை நடை

காலையில் சரவணப் பொய்கைப் பக்கம் நடக்கப் போவேன். கூட நடப்பவர் ஆசீர்வாதம். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவ சபையில் மூப்பர். நான் எந்தப் பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்ததே இல்லை. அவர் என்னை 'எடிட்டரே' என்றுதான் கூப்பிடுவார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

ஃபில்டர் கதையை அவரிடம் சொன்னேன். கதை சொல்வதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதையும் விடமாட்டேன். பிய்ந்த மூலை, காய்ந்த சாமந்தி, நேராகப் பார்த்தால் பச்சை சாய்த்தால் நீலம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"மயிலு மட்டும்தான் உள்ள இல்லன்னு சொல்லுங்க," என்றார் ஆசீர்வாதம்.

"சிரிக்காதீங்க வாத்தியாரே. நீங்களும் ஒருமுறை காட்டிடுங்க. உங்க வீட்டம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போற வண்டி. நம்ம மாப்ளதான் இருக்காரு, பாத்துச் செய்வாரு."

'பாத்துச் செய்வாரு' என்றேன். மாப்பிள்ளைக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தோம் என்ற திருப்தியும் உள்ளே இருந்தது. மாதக் கடைசியில் இலக்கு குறைந்தால் அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள் என்று ஹேமா சொல்லியிருந்தாள்.

"உங்க மாப்ளன்னா சரி," என்றார் ஆசீர்வாதம்.

கண்ணாடி அறை

மழை தொடங்கிய நேரம். ஆசீர்வாதத்தின் காரில் இருவருமாகப் போனோம். அவருடையது அதே கம்பெனியின் பழைய சிறிய வண்டி. முன்கண்ணாடியில் மரச் சிலுவை தொங்கும்.

உள்ளே மாப்பிள்ளை எழுந்து வந்தார். நானும் நிமிர்ந்து நின்று, "எங்க மாப்ள," என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நானே கேட்டேன்.

காத்திருக்கும் இடத்தில் எங்களுக்குப் பின்னால் வேறு சிலர் இருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர், கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

வண்டி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை ஒரு தட்டோடு வந்தார். வெள்ளைத் தாளை விரித்தார். தட்டினார்.

"பாருங்க சார். இதைத்தான் நீங்களும் அம்மாவும் மூச்சுல இழுத்துகினு இருந்தீங்க."

எனக்கு முதலில் தெரிந்தது பிய்ந்த மூலை. பிறகு சாமந்தி இதழ். கண் தானாகப் பக்கத்து மடிப்புக்குப் போனது. இழை அங்கேயே இருந்தது. குழல்விளக்கின் கீழே நீலமாக.

அச்சில் ஏறிவிட்ட பக்கத்தில் பிழை கண்ணில் படும்போது நம்பாமல் மறுபடி முதலிலிருந்து படிப்போம். பத்திரிகைக்காரர்களுக்கு அது தெரியும். அப்படித்தான் பிய்ந்த மூலையிலிருந்து மறுபடி பார்த்தேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வாக்கியங்கள் மனப்பாடம்.

"ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போயிருப்பீங்க இல்ல சார்? காவடிக் கூட்டத்துல இறகு, பூவு, விபூதி எல்லாம்…"

எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் எடுபடும் வாக்கியம் அது. மாப்பிள்ளை வண்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. சிலுவையைப் பார்க்கவில்லை. பெயரைத் திரையில் தானே அடித்திருந்தார், அதையும் யோசிக்கவில்லை.

ஆசீர்வாதம் இழையைப் பார்த்தார். சற்றுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார், நேராகவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேனேஜரின் கதவு திறந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையோடு மாப்பிள்ளையின் வேலை அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைத்தேன். மூலையிலிருந்த தண்ணீர் கேனைப் பார்த்தேன். அதற்குள் ஒரு குமிழி மேலே போனது.

"ஆங், போவாம இருப்பனா தம்பி," என்றார் ஆசீர்வாதம். "வருசா வருசம் போறதுதான்."

சபை மூப்பர். எனக்குத் தெரிந்து அவர் எதற்கும் பொய் சொன்னதில்லை. பேருந்தில் நடத்துனர் டிக்கெட் கொடுக்க மறந்தால் கூப்பிட்டு வாங்குபவர்.

"மாத்திடட்டுங்களா சார்?"

"மாத்திடுங்க. பழசை மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

மாப்பிள்ளையின் கை தாளின்மேல் நின்றது. "அது வேஸ்ட்டு சார். நாங்களே போட்டுடுவோம்."

"இருக்கட்டும். எடிட்டர் பேப்பர்லயே எழுதியிருக்காரு, பழசைக் கேட்டு வாங்கணும்னு. வாங்கலன்னா கோச்சுக்குவாரு."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "கஸ்டமர் கேட்டா குடுத்துடுங்க மோகன்." வாடிக்கையாளர்கள் காதில் விழும்படிச் சொன்ன குரல். மாப்பிள்ளையின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். அன்றைய செய்தித்தாள் ஒன்றில் சுற்றிக் கொடுத்தார்.

பைபாஸ் டீக்கடை

திரும்பும் வழியில் ஆசீர்வாதம் டீக்கடையில் நிறுத்தினார். மழை தகரத்தில் பெய்தது. இரண்டு டீ சொன்னார். பின்சீட்டிலிருந்த பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"உங்களுது. வச்சிக்குங்க."

"தெரிஞ்சிடுச்சா?"

"நல்லா கேட்டீங்க. நீங்க சொன்ன சொல்லுக்கு நான் கண்ண மூடிகினு வரைஞ்சே குடுத்திருப்பேன். பச்சையாம், சாய்ச்சா நீலமாம்."

"அப்புறம் ஏன் ஒத்துகினீங்க?"

அவர் டீயை ஆற்றினார். "எங்க மாப்ளன்னீங்க. நிமிந்து நின்னு சொன்னீங்க. அப்புறம் நான் இன்னா சொல்றது?"

நான் டம்ளரைக் கையில் வைத்திருந்தேன்.

"இன்னொன்னு சொல்லட்டா எடிட்டரே? சிரிக்கக் கூடாது. எங்க வண்டில ஏ.சி. செத்துப் பல வருசம் ஆவுது. ஜன்னலைத் தொறந்துகினுதான் போறோம். இப்ப ஃபில்டர் மட்டும் புதுசு." அவரே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அங்க சொன்னதுக்கு ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கறேன். எங்களுக்கு அந்த வசதி இருக்குது," என்றார்.

பணத்தை நான் தருகிறேன் என்று வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். அதுவரை சிரித்த முகம் சற்றே கடுமையானது. கொடுத்த மரியாதைக்கு விலை பேசுகிறேன் என்று தோன்றியிருக்கும்.

அவர் ஏமாந்திருந்தால் எனக்கு ஒரு வழி இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம், ஈடு செய்யலாம். அவர் ஏமாறவில்லை. ஏமாந்தவன் நான். அதை மூடிவைக்க அவர் தன் பணத்தையும் ஒரு பொய்யையும் செலவு செய்திருந்தார். மணவூர் மாமனாரின் அலமாரியில் மடித்து வைத்த பத்திரிகை நினைவுக்கு வந்தது. இந்த முறை வேடிக்கையாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

பொட்டலத்தைப் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கஸ்தூரியிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை தனியாக வந்தார். பைக்கின் சத்தம் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். கஸ்தூரி தோசைக் கல்லை வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, கை துடைத்து, அவள் உள்ளே போன பிறகு மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மாமா, அந்த ஆசீர்வாதம் சார்கிட்ட… அன்னிக்கு ஒரு ஃபில்டர் எடுத்துகினு போனாரு இல்ல. அதைத் திருப்பி வாங்க முடியுமா?"

நான் அடுப்படிக் கதவை ஒருக்களித்தேன்.

"மேனேஜர் கேக்கறாரு மாமா. எல்லார் முன்னாடியும் குடுத்துடுன்னுட்டு, அப்பால உள்ள கூப்ட்டுச் சத்தம் போட்டாரு. ஜனங்களுக்குக் காட்டறதுக்கு அந்த ஒண்ணுதான் நல்லா இருந்துச்சி. மத்ததுல அவ்ளோ தூசி உதிராது." சட்டைக் கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பர்மனென்ட் லெட்டர் அவர் கைலதான் கீது."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை என்றேன் அல்லவா? இதுதான் முதல்முறை.

"எங்கிட்டதான் இருக்குது," என்றேன். "இருங்க."

அவர் தலை நிமிரவில்லை. ஏன் உங்களிடம் இருக்கிறது என்று கேட்கவும் இல்லை. அப்போதே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

உள்அறையில் பொட்டலத்தைப் பிரித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாமந்தி இதழை உதறினேன். இழையை நகத்தால் நிமிண்டி மெதுவாக இழுத்தேன். அறுபடாமல் வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது எங்கள் மலையின் பொருள், அந்த மேசையில் கிடக்க வேண்டாம் என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. வேறு யோசனை இல்லை. பொட்டலத்தை மறுபடி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

கஸ்தூரி, உள்ளே என்னவென்று தெரியாமல், அதன்மேல் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். மாப்பிள்ளை நம் வீட்டிலிருந்து வெறும் பையோடு போகக் கூடாது என்பது அவள் வழக்கம்.

மாலையில் ஹேமா போன் செய்தாள்.

"நைனா, அவரு வந்தாரா? எதுனா கேட்டாரா?"

"ஆங்."

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்," என்றேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ரயில் ஒன்று போகும் ஓசை வந்தது.

"நீங்க குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் நைனா. நான் சொன்னா, உனக்கு இன்னா தெரியும் ஆபீஸு விஷயம்ங்கறாரு. உங்க வார்த்தைக்கு அவருக்குப் பயம் இருக்குது. ஒரு வார்த்தை, இது வேணாம் மாப்ளன்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பாரு. அவருக்கே புடிக்கல. ராத்திரில தூங்கறதில்ல."

"வேலை போயிடும்னு…"

"போனா போவுது. பேப்பர்ல ஊரையே கேள்வி கேக்கச் சொன்னீங்க. எங்க வீட்ல மட்டும் கேக்கல."

பிறகு, சாப்பிட்டீர்களா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்று விசாரித்தாள். வழக்கம்போலத்தான் விசாரித்தாள்.

சர்க்கரை கம்மி

கார்த்திகையில் வளைகாப்பு முடிந்து ஹேமா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். புத்தாண்டுக்கு மலையில் நடக்கும் படித் திருவிழாக் கூட்டம் வடிந்த வாரத்தில் என் போனுக்குச் செய்தி வந்தது. வண்டிக்குச் சர்வீஸ் நாள்.

கிளம்பும்போது ஹேமா சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள். "இன்னிக்கி சொல்லிடுங்க நைனா."

"சொல்றேன்."

வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டு போனேன். 'மாப்ள, அந்த ஃபில்டரை இனிமே யாருக்கும் காட்டாதீங்க. என்ன வந்தாலும் நாங்க இருக்கோம்.' சிறிய வாக்கியங்கள். வெட்ட எதுவும் இல்லை.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். திரையைத் திறந்து ஒரே வரி அடித்தார்.

"ஆயில் மட்டும் போதும் மாமா. வேற எதுவும் தேவையில்ல. வண்டி நல்லா கீது."

என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அது அவர் கேட்ட மன்னிப்பு. வாக்கியத்தைச் சொல்ல இது நேரமா என்று யோசித்தேன். ஒரு டீ வரட்டும், குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று சோபாவில் உட்கார்ந்தேன்.

எனக்கு அடுத்து வந்தவர் அம்மையார்குப்பத்துக்காரர். நெசவுக் குடும்பம், பவர்லூம் வைத்திருக்கிறார் என்பது மாப்பிள்ளையிடம் அவர் பேசியதில் தெரிந்தது. பழைய வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் கூட வந்திருந்தார்கள். குழந்தைக்குச் சளி.

மாப்பிள்ளை உள்ளே போய்வந்தார். வெள்ளைத் தாளை விரித்தார். தட்டினார்.

பிய்ந்த மூலை அப்படியே இருந்தது. சாமந்தி இல்லை, இழை இல்லை. பார்க்கிறவர் இது எந்த மலையில் ஏறிய வண்டி என்று யோசிக்க இடமில்லை. வெறும் தூசி. எந்தக் காரிலிருந்தும் வந்திருக்கலாம். யாருடைய காரிலிருந்தும்.

மாப்பிள்ளைக்கு இப்போது ஆடிக் கிருத்திகை வாக்கியம் தேவைப்படவில்லை. "கொழந்தைக்குத்தாங்க இது ஆவாது," என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெண் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். கணவர் தூசியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். யாரைக் கேட்பது என்று சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நரைத்த தலையோடு, கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் பேனாவோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"பெரியவரே, நீங்களும் இதை மாத்தினீங்களா?"

மாப்பிள்ளை தாளின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். மேனேஜரின் கதவு திறந்திருந்தது. நான் வழியெல்லாம் அமைத்த வாக்கியம் இந்தக் கேள்விக்குப் பதிலாக அமையவில்லை.

"ஆங்," என்றேன். "மாத்தினேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

"அப்ப மாத்திடுங்க தம்பி," என்றார் அவர், மாப்பிள்ளையிடம்.

டீ வந்தது. மாப்பிள்ளை தானே தட்டிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"சக்கரை கம்மியாப் போடச் சொன்னேன் மாமா. ஹேமா சொன்னா."

எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.